வெளியில் பூட்டிய ஷட்டர்

மெக்னெஸ் நகரில் பழைய சந்தைக்குப் பின்புறம் என் மளிகைக் கடை. எதிரே ஒரு கார் கொட்டகை. அப்போதெல்லாம் அதன் இரும்பு ஷட்டர் பகல் முழுக்க மூடியே இருக்கும், வெளியில் கனத்த பூட்டு தொங்கும். உள்ளே இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர்கள் செய்த கேரி பைகளை வாங்கி சர்க்கரை மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தவன் நான்.

அந்த இருவரில் மூத்தவள் யம்னா. நாற்பத்து நான்கு வயது. ஊருக்கு வெளியே ஒரு பை கம்பெனியில் பதினொரு வருஷம், முறையான சம்பளத்தில் இருந்தவள். பையைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், எத்தனை மைக்ரான் என்று சொல்லிவிடுவாள். 2016 கோடையில் சட்டம் வந்தது. பிளாஸ்டிக் பையைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, சும்மாகூடக் கொடுக்கக் கூடாது. ஒரே மாதத்தில் கம்பெனி மூடப்பட்டது. புருஷன் அல்லால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டில் இருந்தான். யம்னா பொதுக் குளியல் கூடத்தில் தரை கழுவினாள், கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அப்போதுதான் பழைய கம்பெனியின் மேஸ்திரி புவஸ்ஸா அவளைத் தேடி வந்தான்.

"மெஷின் வாங்கிட்டேன், ஆளு இல்ல. உனக்குத் தெரியாத வேலையா யம்னா?"

"அரசாங்கம் தடை பண்ணிடுச்சேண்ணே."

"அரசாங்கம் பண்ணிச்சு, மீன்காரன் பண்ணலியே. மத்தி மீன என்ன, கைக்குட்டையிலயா முடிஞ்சு குடுப்பான்?"

அவள் சிரித்துவிட்டாள். மறுநாளே வேலைக்குப் போனாள்.

ஷட்டரை வெளியிலிருந்து பூட்டும் வழக்கம் முதல் வாரமே தொடங்கியது. "பூட்டு தொங்குனா, சோதனைக்கு வர்றவங்க உள்ள ஆளில்லன்னு போயிடுவாங்க. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றான் புவஸ்ஸா. ஆபத்து என்றால் அவன் ஷட்டரில் காசால் மூன்று தட்டுத் தட்டுவான். உடனே மெஷினை நிறுத்த வேண்டும். இருமக்கூடக் கூடாது.

அன்றிலிருந்து பயம் அவளோடு வீடு வரைக்கும் வந்தது. தெருவில் ஒரு வண்டி பிரேக் போட்டால் நாக்கு வறண்டுவிடும். வீட்டுக் கதவை யாராவது தட்டினால் அடுப்பில் ரொட்டி கருகுவதுகூடத் தெரியாமல் சுவரோரம் நின்றுவிடுவாள். அல்லால் படுக்கையிலிருந்தே கத்துவான்: "கேஸ் சிலிண்டர்காரன்டி! மூச்ச விடு, செத்துத் தொலையாத!"

2018 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி இருக்கும். புவஸ்ஸா என் கடையில் புதினா டீ குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக் கார் ஒன்று தெருமுனையில் நின்றது. கண்ணாடி போட்ட பெண் அதிகாரி ஒருவரும், அவர் உதவியாளரும், ஒரு போலீஸ்காரரும் இறங்கினார்கள். புவஸ்ஸா கிளாஸை வைத்தான். ஷட்டர் ஓரமாக நடந்துபோய், முதுகு சொறிபவன்போலச் சாய்ந்து மூன்று தட்டுத் தட்டினான். அப்படியே மூலை திரும்பி மறைந்துவிட்டான். சாவி அவன் பையில்.

அதிகாரி நேராக என்னிடம் வந்தார்.

"எதிர்ல இருக்கற கொட்டகை யாரோடது?"

"தெரியலீங்கம்மா. ஆறு மாசமா பூட்டித்தான் கெடக்கு."

சொல்லும்போதே என் காது சுட்டது.

உள்ளே நடந்ததை யம்னா பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன். மெஷினின் மோட்டாரை நிறுத்திவிட்டாள். ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கும் சூடு நிற்கவில்லை. சுவிட்ச் கெட்டிருக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், புவஸ்ஸா அதை மாற்றாமல் ஒரு கம்பியை முறுக்கி நேரடி இணைப்பு கொடுத்து வைத்திருந்தான். சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. மெஷின் குழாய்க்குள் தேங்கிய பிளாஸ்டிக் கொதித்துப் புகைந்தது. உருகிய சொட்டு ஒன்று கீழே குவிந்திருந்த வெட்டுத் துண்டுகளில் விழுந்து பற்றிக்கொண்டது. யம்னா செருப்புக் காலால் மிதித்தாள். செருப்பு ஒட்டிக்கொண்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள். ஒரு பக்கம் அணைந்தது, மறுபக்கம் எழும்பியது.

கூட வேலை செய்த மிலூதா முக்காட்டை வாயில் திணித்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள். வெளியே உதவியாளரின் குரல் கேட்டது: "பூட்டுதான் போட்டிருக்கே மேடம், வாங்க போலாம்."

யம்னா ஷட்டர் பக்கம் திரும்பினாள். மிலூதா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சத்தம் போடாதக்கா! ஜெயில்ல போட்டுருவாங்க. எம் புள்ளைங்க..."

"ஜெயிலுக்காவது கதவு இருக்குடி!"

பிளாஸ்டிக் சுருள் சுற்றும் இரும்புத் தடியை எடுத்து ஷட்டரில் ஓங்கி அடித்தாள். "தொறங்க! உள்ள இருக்கோம்! தீ! தீ!"

தெரு அதிர்ந்தது. காருக்குள் ஒரு காலை வைத்திருந்த அதிகாரி திரும்பினார். ஷட்டரைப் பார்க்கவில்லை, முதலில் என்னைத்தான் பார்த்தார். பெட்டி திறக்கும் கடப்பாரையோடு நான் ஓடினேன். போலீஸ்காரரும் நானுமாகப் பூட்டை நெம்பினோம். முதல் நெம்பில் கடப்பாரை வழுக்கியது. உள்ளே அடிக்கும் சத்தம் நின்றுபோனது. என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. மூன்றாவது நெம்பில் பூட்டு தெறித்தது.

கரும்புகை முகத்தில் மோதியது. யம்னா தவழ்ந்து வந்தாள். ஒரு கையால் மிலூதாவின் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். அந்த உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. மூச்சு திரும்பியதும் போலீஸ்காரரிடம் இரண்டு மணிக்கட்டையும் நீட்டினாள்.

"மெஷின் ஓட்டுனது நாந்தாங்கய்யா. இவ வெறும் அடுக்கித்தான் வெச்சா. என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க."

"மொதல்ல தண்ணி குடிங்கம்மா" என்றார் பெண் அதிகாரி.

தீயணைப்பு வண்டி வந்தது. மிச்சமிருந்த மெஷினையும் மூட்டைகளையும் பறிமுதல் செய்தார்கள். என் கடையையும் சோதித்தார்கள், அபராதம் போட்டார்கள்.

நான்காம் நாள் புவஸ்ஸா பிடிபட்டான். அதற்கடுத்த வாரம் அவன் தம்பி யம்னாவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். "பூட்டு போடச் சொன்னதே நாங்க ரெண்டு பொம்பளைங்கதான்னு கோர்ட்டுல சொல்லிடு. இல்லேன்னா இந்தத் தெருவுல நீ எப்படி நடமாடுறேன்னு பாக்கறேன்" என்றான். தீயைவிட அந்த வார்த்தைக்குத்தான் அதிகம் பயந்தாளாம். ஒரு மாதம் தண்ணீர் பிடிக்கக்கூடத் தனியாகப் போகவில்லை. ஆனாலும் கோர்ட்டுக்கு வந்தாள். கூண்டுக் கம்பியை விடாமல் பிடித்து நின்ற அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார் நீதிபதி.

"பூட்டினது யார்?"

"புவஸ்ஸா. தெனமும் அவருதான் பூட்டுவாரு."

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். புவஸ்ஸாவுக்குச் சிறையும் பெரிய அபராதமும். கூலிக்கு வேலை செய்தவர்கள் என்று பெண்கள் இருவரையும் விட்டுவிட்டார்கள். மிலூதா ஒன்றரை வருஷம் யம்னாவோடு பேசவில்லை, பிழைப்பைக் கெடுத்தவள் என்று ஊரெல்லாம் சொன்னாள். தன் மகள் கல்யாணத்துக்கு மட்டும் அவளே நேரில் வந்து அழைத்தாள்.

யம்னா இப்போது ஒலிவக்காய் பதப்படுத்தும் கூடத்தில் காய் பொறுக்குகிறாள். வலது கை முழுசாக மடங்காது. போன வாரம் பருப்பு வாங்க வந்தவள், நான் நிறுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அன்னிக்கு நான் ஷட்டர்ல அடிக்கலேன்னா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பருப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.