பதவி இறங்க ஒரு ஜெபம்

போன ஜூன் மாதம் என் மகளின் பிறந்தநாள் நன்றி ஜெபத்துக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் போதகர் வந்திருந்தார். அம்மா, என் மனைவி ஜெனிட்டா, சபையிலிருந்து கிருபா அக்கா, என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் செல்வின் எல்லாரும் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை.

குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நர்சிங் பிரிவுக்கு நான் தலைவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள். இந்தப் பதவிக்குச் செல்வினும் நின்றான். சபையே உபவாசமிருந்து எனக்காக ஜெபித்தது, எனக்குக் கிடைத்தது. அதைச் சாட்சியாகவும் சொன்னேன்.

அதன் பிறகு என் போன் ஓயவில்லை. நர்ஸ் வரவில்லை, படுக்கை காலியில்லை, நோயாளியின் உறவினர் சண்டை போடுகிறார். தூக்கம் போயிற்று. கோபம்கூட வரவில்லை. பொறாமை மட்டும் வந்தது. தோற்றுப்போன செல்வின் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு பாடகர் குழுப் பயிற்சிக்குக் கிளம்புவான். எனக்கு வயிறு எரியும். ஆபரேஷன் முடிந்து அசந்து தூங்கும் நோயாளியைப் பார்த்தால் அவர்மேலும் பொறாமை.

பிறந்தநாளன்று மகளுக்குக் கேக் ஊட்டியது செல்வின். அந்தப் போட்டோவை ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் நின்று போனில் பார்த்தேன். ஸ்கூட்டரைக் கிளப்பக் கை வரவில்லை. அழுதேன். யாரிடம் போய் ஜெபிக்கச் சொல்வேன்? ஜெபித்து வாங்கித் தந்தவர்களிடமா?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரிடமே சொல்லிவிட்டேன். "இந்தப் பதவி என்னை விட்டுப் போகணும்னு ஜெபிங்க."

அம்மா பதறினாள். "இன்னாடா பேசுற? தெருவெல்லாம் சொல்லிக்கினு கீறேன்!"

கிருபா அக்காதான் சிரித்தார். "விடுங்கம்மா. வித்த பொருள் திரும்ப வாங்க மாட்டோம்னு போர்டு மாட்ட, கர்த்தர் என்ன ஜவுளிக்கடையா வச்சிருக்கார்? வா தம்பி, முழங்கால் போடு."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி டைரக்டர் அறைக்குப் போய், பதவி வேண்டாம் என்று சொன்னேன். திட்டுவார் என்றே நினைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நானே மாத்திரை போட்டுத்தாம்பா தூங்குறேன். நீயாவது வாயத் திறந்தியே" என்றார்.

அந்த வாரமே பொறுப்பை இரண்டாகப் பிரித்தார். பாதி எனக்கு, பாதி செல்வினுக்கு. ஒருவர் முறையில் மற்றவர் போனை அணைத்து வைக்கலாம்.

அவனை யாராவது பாராட்டினால் இன்னமும் சுருக்கென்கிறது. அதற்கும் ஜெபிக்கிறேன். ஆனால் தூங்குகிறேன். மகளைப் பள்ளியில் நானே கொண்டுபோய் விடுகிறேன். ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, கேட்டு வாங்கியது பாரமாகிவிட்டால் கொடுத்தவரிடமே போய்ச் சொல்லுங்கள். அவர் என்னைக் கோபிக்கவில்லை. இந்த நிம்மதிக்கு எங்கள் வீட்டுக்கு ஆன செலவு, என் மாதச் சம்பளத்தில் குறைந்த பதினெட்டாயிரம் ரூபாய்.