லோரிக்குக் கட்டிய மாலை

எண்பதுகளின் தொடக்கம். கிள்ளான் துறைமுகத்தில் பதினான்கு வருடம் மூட்டை தூக்கியவன் நான். இடுப்பு போய்விட்டது. இனித் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு லோரி கம்பெனியில் ஜாகா வேலை கிடைத்தது. பகல் காவல். லோரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும். போனால் மூட வேண்டும். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த நடுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கை சும்மா இருந்து பழக்கமில்லை. வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்பு, சட்டையில் பொத்தான், எல்லாவற்றுக்கும் சண்டை.

மனைவி வீட்டிலிருந்தபடி பூ கட்டிக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் பூக்கடை வைத்திருந்த ஓர் அக்காவுக்கு. ஒருநாள் ஒரு கூடை மல்லிகையும் வாழைநாரும் என் முன்னால் வைத்தாள்.

"வாயச் சும்மா வச்சிருக்க முடியலல்ல? கைக்கு வேல குடுங்க."

கேட்டுக்கு எடுத்துப் போனேன். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான். லோரியில் தார்ப்பாய் கட்டுகிற முடிச்சு. ஒரு சுற்று சுற்றி உள்ளே விட்டு இழுத்தால், வண்டி ஆட ஆட இறுகும். அதையே போட்டேன். சாயங்காலம் அவள் சரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மல்லிகை எல்லாம் கீழே விழுந்தது. நார் மட்டும் கையில் நின்றது.

"பூ கட்டச் சொன்னா கழுத்த நெரிச்சு வச்சிருக்கீங்க!"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

அதன் பிறகு தினமும் கூடை கொண்டு போனேன். எங்கள் சீன முதலாளியைத் தவுக்கே என்போம். அவர் கார் சத்தம் கேட்டால் கூடை நாற்காலிக்கு அடியில் போய்விடும். என் சரங்கள் விற்கிற மாதிரி இல்லை. மனைவி அவிழ்த்து மறுபடி கட்டுவாள். ஆனால் பொழுது ஓடியது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் டிரைவர்கள் எல்லாரும் தமிழர்கள். ஐந்து லோரிக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். மாலை அக்கா கடையிலிருந்துதான். அந்த வருடம் அவருக்கு ஏகப்பட்ட கூட்டம். நான்கு மாலைதான் முடிந்தது. ஐந்தாவதற்குச் சாமந்தியை என்னிடம் தள்ளிவிட்டார். சாமந்திக் காம்பு தடிமன். என் முடிச்சைத் தாங்கும் என்று பட்டது. தார்ப்பாய் முடிச்சே போட்டேன்.

ஐந்து லோரியும் ஈப்போ போய் மறுநாள் திரும்பின. கேட்டைத் திறந்தேன். நான்கு லோரியின் மூக்கில் வெறும் நூல். ஐந்தாவதில் மாலை அப்படியே இருந்தது. தூசிதான் ஏறியிருந்தது.

"அண்ணே, நம்ம மால வழியில ரவாங்குலயே எறங்கிடுச்சு லா," என்றார் முதல் டிரைவர்.

தவுக்கே வெளியே வந்தார். மாலையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். இன்னும் இறுகியது. யார் கட்டியது என்று மலாயில் கேட்டார். ஐந்து டிரைவர்களும் என்னைக் கையால் காட்டினார்கள். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அவர் குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து கூடையை இழுத்தார். "எனக்கு எப்பவோ தெரியும். முன்ன இருந்த ஜாகா தூங்குவான். நீ தூங்கல. அதான் விட்டேன்." அடுத்த வருடம் ஐந்தும் நீயே கட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதை கடைத்தெருவுக்கு எட்டியது. "தம்பி, கேட்டு வேலய விட்டுட்டு கடைக்கே வந்துடுங்க," என்றார் அக்கா. நான் அன்றே போயிருப்பேன். மனைவி விடவில்லை.

"ஆயுத பூஜ வருசத்துக்கு ஒண்ணு. வெள்ளிக்கிழம வாரா வாரம் வருது. மல்லிய கட்டத் தெரியாம அங்க போய் என்னா பண்ணுவீங்க? ரெண்டு மாசத்துல அக்கா அனுப்பிட்டா, கேட்டு வேலயும் இருக்காது."

அவள் சொன்னது நியாயம். திரும்ப நாற்காலிக்குப் போனேன். இப்போது உட்காருவது கஷ்டமாக இல்லை. ஒரு காரியத்துக்காக உட்கார்ந்தேன். மூட்டை தூக்கிய விரலை மல்லிகைக்குப் பழக்க வேண்டும். இழுக்கக்கூடாது. நாரை ஈரமாக வைத்து, சும்மா அணைத்து விட வேண்டும். மூன்று மாதம் ஆனது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கட்டிய சரத்தை அவள் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். பூஜைக் கூட்டத்தில் இடிபட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். வழியெல்லாம் நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பேப்பரை விரித்து, அதன் மேல் நின்று சரத்தைக் கழற்றினாள். உதறினாள்.

பேப்பர் காலியாக இருந்தது.

"ஒண்ணும் உதிரல. கழுத்தும் நெரிபடல," என்றாள். "திங்கக்கிழம போய் கேட்டுச் சாவியக் குடுத்துட்டு வாங்க."

"தவுக்கே கேட்டா?"

"மால வேணும்னா கடைக்கு வரச் சொல்லுங்க."

வந்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு, லோரிக்கு ஐந்து மாலை. காருக்கு ஒன்று.