களத்துக் காப்பி

வெள்ளகோவில் பக்கம் தேங்காய்க் களங்கள் அதிகம். எட்டாவது முடித்ததும் நானும் ஒரு களத்தில் சேர்ந்தேன். காய் உடைப்பது ஆண்கள் வேலை. காய்ந்ததும் பருப்பைத் தோண்டி எடுப்பது பெண்களான எங்கள் வேலை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான். அப்பா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தார்.

களத்துக்காரர் யாரையும் திட்ட மாட்டார். ஒருவரை நிறுத்துவதென்றால் காலையில் வீட்டு வாசலுக்குக் கூப்பிடுவார். உட்காரச் சொல்வார். காப்பி கொடுப்பார். மற்ற நாளில் எங்களுக்கு அங்கே காப்பி கிடையாது. குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனால் மறுநாள் வேலை இல்லை. ஏன் என்று கேட்டவர் யாரும் இல்லை.

அம்மா ஐப்பசி மழையில் இறந்தாள். சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதை களத்தை ஒட்டிப் போகும். களத்துக்காரர் அதைக் கம்பி வேலிக்குள் சேர்த்து, அதிலும் காய் காயப் போட்டிருந்தார். அதனால் வாய்க்காலில் இறங்கித்தான் பிணம் கொண்டுபோவோம். அன்று தண்ணீர் இடுப்புக்கு மேல். நடுவில் பாடை ஒரு பக்கம் தாழ்ந்தது. அம்மாவின் கால் நனைந்தது. கரையில் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு மகளிர் குழுப் பெண்களோடு யூனியன் ஆபீசுக்கு மனு கொண்டுபோனேன். தாலுகா ஆபீசுக்கும் போனேன். பொதுப்பாதைதான் என்றார்கள். வேலியை எடுக்க யாரும் வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் பதவி ஒதுக்கீட்டில் எங்கள் பெண்களுக்கு என்று வந்தபோது குழுவில் என்னை நிற்கச் சொன்னார்கள். பாதையைத் திறப்பேன் என்பதை மட்டும் சொல்லி ஓட்டுக் கேட்டேன். ஜெயித்தேன். களத்துக்காரர் இருக்கும் மேல்தெருவிலும் யாரோ எனக்குப் போட்டிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் களத்துக்காரர் ஆள் அனுப்பினார். அப்பாவும் கூட வந்தார். அதுவரை "ஏ புள்ள" என்று என்னைக் கூப்பிட்ட களத்துக்காரர் எழுந்து நின்றார்.

"வாங்க அம்மணி. உக்காருங்க. காப்பி குடிங்க."

உட்கார்ந்தேன். டம்ளரைத் தொடவில்லை. வெயில் அதிகம் என்றார். கொப்பரை விலை பற்றிப் பேசினார். பாதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்கும் வயசாச்சுங்க. இனி ரெஸ்ட் எடுக்கலாமுங்களே."

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். மறுநாள் வழக்கம்போல் களத்துக்குப் போனார்.

அந்த வாரம் வேலிக்குப் புதுக் கம்பி கட்டினார்கள். நாய்கள் கொண்டுவந்து விட்டார்கள். என்னோடு பருப்புத் தோண்டிய பெண்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் தெருக்குழாயடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தலைவரம்மா, சீக்கிரம் எங்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் குடுத்துருவீங்க போல."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிராமசபை நாள் வந்தது. பாதையைத் திறக்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்துச் செயலர் மெதுவாகச் சொன்னார். எங்கள் தெருப் பெண்கள் கடைசியில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வைக்கலாமா, விடலாமா என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது அப்பா உள்ளே வந்தார். களத்தில் இருக்க வேண்டிய நேரம். நேராக வந்து முன்னால் உட்கார்ந்தார்.

"ஏப்பா, வேலைக்குப் போகலையா?"

"காப்பி குடிச்சுட்டேன் கண்ணு. நீ படிச்சுப்போடு."

படித்தேன். யாரும் கை தூக்கவில்லை. அப்பா தூக்கினார். கொஞ்சம் பொறுத்து, குழாயடியில் பேசியவள் தூக்கினாள். பிறகு மற்றவர்கள்.

பாதையை அளக்க சர்வேயர் வருவதாகச் சொன்ன நாள், விடிந்ததும் களத்து வழியாகப் போனேன். வாசலில் டம்ளர்களைக் கழுவி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் தெரு ஆட்கள் அத்தனை பேருக்கும் இருக்கும். களத்துக்காரர் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டுவிட்டு வேலி முனையில் போய் நின்றேன். சர்வேயர் இன்னும் வரவில்லை. எங்கள் பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.