ராகு காலத்துக்கு முன்னம் ஸ்டார்ட் பண்ணின டூ-ஜே-ஸெட்

கொட்டாஞ்சேனையில ஒரே கராஜில முப்பத்தொரு வருசம் எஞ்சின் இறக்கி ஏத்தினவன் நான். அதில ஒரு வெள்ளிக்கிழமையை இப்பவும் மறக்கேலாது. புதுசா இந்த வேலைக்கு வாற ஆக்கள் யப்பான் எஞ்சின் டூ-ஜே-ஸெட் எண்டதும் கண்ணை விரிக்கினம். அவையளுக்காகத்தான் இதை எழுதுறன்.

1. சாகாத எஞ்சின்

முதல்ல விபரத்தைச் சொல்லிவிடுறன். மூண்டு லீட்டர். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை. வார்ப்பிரும்பு பிளொக். சிலிண்டரின்ர அகலம், அதுதான் போர், எண்பத்தாறு மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கிற ஸ்ட்ரோக்கும் அதே எண்பத்தாறு. கிராங்க் தண்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங். ரெண்டு டர்போ, ஒண்டு குறைஞ்ச ஆர்பிஎம்மிலயே ஊதத் தொடங்கும், மற்றது நாலாயிரத்துக்குக் கிட்ட வந்து சேரும். யப்பான்காரர் பேப்பரில 280 குதிரைவலு எண்டு போட்டவை. அடி எஞ்சினைத் தொடாமலே அதுக்கு மேல எவ்வளவோ எடுத்த கார்களை நானே பாத்திருக்கிறன். வயசு போனால் வால்வு சீல் காயும், வெக்யூம் ஹோஸ் வெடிக்கும், கிராங்க் புல்லியின்ர ரப்பர் விடும். அடி எஞ்சின் மட்டும் அசையாது. ஒயில் இருந்தால்.

அந்தக் கடைசி ரெண்டு சொல்லைத்தான் நான் மறந்தனான்.

கார் வெள்ளவத்தைப் பல் டொக்டர் மைதிலியின்ர. நாலு கதவுக் கறுப்புக் கார். கல்யாண வீட்டுக்குப் போறதெண்டாலும் அவவேதான் ஓடுவா, வேற ஆரையும் ஸ்டியரிங்கில தொட விடமாட்டா. புகை தள்ளுது எண்டு கொண்டு வந்தவ. முழு எஞ்சினையும் பிரிச்சுப் பூட்டினன். அப்ப வாகன இறக்குமதி நிண்டு போயிருந்த காலம். பழைய பாட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தை முழுக்கத் தேடினாலும் இந்த எஞ்சினுக்கு நல்ல பிளொக் ஒண்டு கிடையாது.

"பாலா அண்ணை, இந்த பிளொக் போச்செண்டால் காரைக் கழட்டிப் பாட்ஸா விக்கிறதைத் தவிர வழியில்லை. பாத்துச் செய்யுங்கோ," எண்டவ.

"இது சாகாத எஞ்சின், டொக்டர். நீங்கள் போய் நிம்மதியாப் பல்லைப் பிடுங்குங்கோ," எண்டன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

2. பத்து இருபத்தாறு

முதல் ஸ்டார்ட் வெள்ளிக்கிழமை. அவவின்ர அப்பா கனகசபை ஐயா பஞ்சாங்கத்தோட வந்திட்டார். நாலு டயருக்கும் கீழ தேசிக்காய், முன்னால தேங்காய், கற்பூரம். எங்கட கராஜில இது வழமைதான். முதலாளி ஹாஜியும் மறுப்புச் சொல்றேல்லை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும், அதுக்கு முன்னம் எஞ்சின் ஓடவேணும்.

புதுசாப் பூட்டின எஞ்சினை உடன ஓட விடக் கூடாது. இ.எஃப்.ஐ ஃபியூஸைக் கழட்டினால் பெற்றோலும் வராது, நெருப்பும் அடிக்காது. அப்பிடி வெறும் செல்ஃப் மோட்டரில சுத்தி, ஒயில் அழுத்தம் காட்டுற கேஜின்ர ஊசி ஏறினதைப் பாத்த பிறகுதான் ஃபியூஸைப் போடவேணும்.

பத்து மணிக்குச் சுத்தினன். ஊசி அசையேல்லை. கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி சுத்தினன். அசையேல்லை. நாலாந்தரம் சுத்தேக்க பற்றரி முனகத் தொடங்கீற்றுது.

"தம்பி, பத்து இருபது," எண்டார் ஐயா.

ஹாஜி காதுக்குக் கிட்ட வந்து, "என்ன பாலா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஓடினா ஒயில் தானா ஏறும். நீங்க பாக்காத எஞ்சினா?" எண்டார்.

டொக்டர் கேஜைக் காட்டிக் கேட்டா, "ஊசி ஏறேல்லையே அண்ணை. பரவாயில்லையோ?"

எனக்குத் தெரியும், அது பரவாயில்லை இல்லை. ஆனால் அத்தனை பேர் நிக்கினம், கற்பூரம் எரியுது, எல்லாரும் என்ர முகத்தைப் பாக்கினம்.

"பரவாயில்லை டொக்டர்," எண்டன்.

பத்து இருபத்தாறுக்கு ஃபியூஸைப் போட்டுத் திறப்பைத் திருப்பினன். உடன பிடிச்சிட்டுது. ஆறு சிலிண்டரும் ஒரே சீராப் பாடுது. தேங்காய் உடையுது, டொக்டர் கை தட்டிறா. நான் ஊசியைப் பாக்கிறன். சைபர். மூண்டு எண்ணினன். சைபர். அஞ்சு. மேல வால்வுப் பக்கம் மெல்லிசாக் கிடுகிடுக்கத் தொடங்கிச்சுது. ஏழில நிப்பாட்டினன்.

"ஐயோ, என்ன தம்பி செய்யிறீர்! ஓடின எஞ்சினை ஆரும் நிப்பாட்டுவினமே? இன்னும் நேரம் கிடக்கு, போடும்!" ஐயா கத்துறார். ஹாஜி கண்ணால காட்டுறார், போடு எண்டு.

நான் ஃபியூஸைப் புடுங்கி உள்ளங்கையில பொத்திக்கொண்டன். "போடமாட்டன் ஐயா. முதல் தரமே போட்டிருக்கக் கூடாது. பிழை என்ர."

டொக்டர் என்னைப் பாக்காமலே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிட்டா.

3. பேரிங்

எஞ்சினை அண்டைக்கே இறக்கி, அடியில ஒயில் நிக்கிற சம்பைக் கழட்டினன். ஒயிலை உறிஞ்சுற குழாயை பம்போட சேக்கிற இடத்தில ஒரு கேஸ்கட் வரவேணும். இல்லை. அது பெஞ்சில, கேஸ்கட் கிட் வந்த பையின்ர அடியில ஒட்டிக்கொண்டு கிடந்தது. பம்ப் காத்தைத்தான் உறிஞ்சியிருக்கு. செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது எனக்கு.

"கிட்டில குறைவா வந்திச்சி எண்டு சொல்லுங்க. அவங்களுக்கு எங்க தெரியப் போகுது?" எண்டார் ஹாஜி. நல்ல மனுசன்தான், என்னைக் காப்பாத்தப் பாத்தார்.

அடுத்த நாள் டொக்டர் வந்தா. கேஸ்கட்டை அவவின்ர கையில வைச்சன். "இதைப் போட மறந்தது நான். ஊசி ஏறாட்டிப் பரவாயில்லை எண்டு சொன்னதும் பொய். இனித்தான் பேரிங் பாக்கப் போறன். நில்லுங்கோ."

அவ நிக்க நிக்க பேரிங்கை மூடுற கப்பை ஒவ்வொண்டாக் கழட்டினன். முதலாவது மெயின் சுத்தம். ரெண்டாவது சுத்தம். ஏழும் சுத்தம். கனெக்டிங் ரொட் பேரிங்கில ஆறாவதில மட்டும் மயிர் மாதிரி ஒரு கோடு. பூட்டேக்க பூசின கிறீஸ்தான் அந்த ஏழு செக்கனும் தாங்கியிருக்கு. அந்தப் பேரிங்கை மட்டும் மாத்தினால் போதும். கிராங்கிலயும் பிளொக்கிலயும் கீறல் இல்லை. டர்போ ரெண்டின்ர ஷாஃப்டிலயும் ஆட்டம் இல்லை.

எனக்கு அழுகை வந்திட்டுது. அவ சிரிக்கேல்லை.

"நான் ஆக்களுக்கு ஊசி போட்டிட்டு, விறைச்சிட்டுதோ எண்டு கேட்டுத்தான் பல்லில கை வைப்பன். அவை ஓம் எண்டு சொல்றதை நம்பித்தான் பிடுங்குறன். நீங்கள் எனக்குச் சொன்ன ஓம் பொய் அண்ணை." பிறகு கையை நீட்டினா. "அந்த ஃபியூஸைத் தாங்கோ. அது என்னட்ட இருக்கட்டும்."

கேஸ்கட்டையும் புதுப் பேரிங்கையும் போட்டு எஞ்சினை ஏத்தி, ரெண்டாந்தரம் ஸ்டார்ட் பண்ணினது செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூண்டு இருபதுக்கு. நடு ராகு காலம். கனகசபை ஐயாவும் வந்திருந்தார், பஞ்சாங்கம் இல்லை. நான் செல்ஃபில சுத்தினன். காருக்குள்ள தலையை விட்டுக் கேஜையே பாத்துக்கொண்டு நிண்டவர் அவர்தான்.

"தம்பி," எண்டார், "ஏறுது. ஊசி ஏறுது!"

மகள் எட்டித் தானும் பாத்தா. அதுக்குப் பிறகுதான் ஹாண்ட்பாக்கைத் திறந்து ஃபியூஸைத் தந்தா.

அண்டையில இருந்து எந்த எஞ்சின் எண்டாலும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னம் ஃபியூஸைக் கழட்டி வாகனக்காரரின்ர கையில குடுத்திடுவன். ஊசி ஏறினதைத் தங்கட கண்ணால பாத்த பிறகு தந்தால் போதும். ஏன் இந்தக் கூத்து எண்டு சில பேர் சிரிப்பினம். சிரிக்கட்டும். அந்த நேரத்தில என்ர வாயை நான் நம்புறேல்லை.