மேக் இல்லாதவள் கேட்ட கேள்விகள்

ரோகிணியிடம் மேக் கம்ப்யூட்டர் கிடையாது. அவள் வேலை பார்க்கும் புதுப்பட்டினம் ஃபிளெக்ஸ் கடையிலும் கிடையாது. ஆனாலும் மேக்கில் எந்த வேலைக்கு எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். எல்லாம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டது. சொன்னவன் வரதன்.

வரதன் முன்பு இதே கடையில், அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவன். படகுக்குப் பெயர் ஸ்டிக்கர், காதுகுத்து பேனர், அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் ரிட்டையர் ஆகிறவர்களுக்கு வாழ்த்து என்று இருவரும் போட்டி போட்டு அடித்துத் தள்ளுவார்கள். இரண்டு பேர் கையும் ஒரே மாதிரி ஓடும். இடது சுண்டுவிரல் மூலையில் கன்ட்ரோல் கீயின்மேல் குந்திக்கொள்ளும். மற்ற விரல்கள் சி, வி, இசட் என்று தாவும். பிறகு அவனுக்குச் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. "ரெண்டு வருசம் பாத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

போன புதிதில் தினமும் புலம்பல்தான்.

"இங்க எல்லாம் மேக்கு ரோகிணி. கன்ட்ரோல அமுக்குனா ஒண்ணும் நடக்கமாட்டுது. ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்துல கமாண்டுனு ஒண்ணு கீது. அத்த கட்டவெரலால அமுக்கணுமாம்."

கடையில் தமிழுக்கு மாற ஆல்ட்டோடு இரண்டாம் எண்ணை அழுத்துவார்கள். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் அழுத்தியிருக்கிறான். மேக்கில் அப்படி அழுத்தினால் மொழி மாறவில்லை. கம்பெனிப் பெயர்களின் முடிவில் மேலே பொடியாக இருக்குமே டிஎம், அந்த டிரேட்மார்க் குறி வந்து விழுந்தது. ஒரு துணிக்கடை விளம்பரத்தில் வரிக்கு வரி டிஎம்.

"பாவாட தாவணிக்கெல்லாம் உரிம வாங்கிட்டியானு மேனேஜர் கேக்குறாரு. மானமே போச்சு."

ரோகிணி சிரித்த சிரிப்பில் பிரிண்டர் பக்கத்திலிருந்து முதலாளி தனகோடி எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச மாதத்தில் புலம்பல் நின்றது. அவன் கை பழகிவிட்டது. போனும் குறைந்தது. காரணமே இல்லாமல் அவனைக் கூப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குத்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"வரதா, மேக்ல ஸ்கிரீன்ல கொஞ்சத்த மட்டும் படம் புடிக்கணும்னா எப்டி?"

"கமாண்டு, ஷிஃப்ட், நாலு."

அதற்கு அரை நிமிடம் ஆகும். அதன்பின் அவன் ரூமில் தண்ணீர் வராத கதை, கூட இருக்கிறவன் விடும் குறட்டை எல்லாம் வரும். ஒரு போனுக்கு ஒரு கேள்விதான். சேர்த்துக் கேட்டுத் தீர்த்துவிட மாட்டாள்.

"இன்னா ரோகிணி, மேக்கு வாங்கப் போறியா?" என்று தனகோடி சீண்டுவார். "ஆப்பிள் பழம் வாங்கவே யோசிக்கிற வூடு உன் வூடு."

"கத்துக்குனா தப்பாண்ணா?"

அவளுக்கு மேக் வேண்டாம். பக்கத்து நாற்காலிக்கு வரதன் திரும்பி வர வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

இரண்டு வருடம் தாண்டி ஒரு நாள் அவன் வந்தான். தங்கை வினிதாவின் கல்யாண பேனருக்காக. "நீ தள்ளு, என் தங்கச்சிக்கு நானே அடிக்கிறேன்" என்று அவள் இடத்தில் உட்கார்ந்தான்.

வினிதாவின் பெயரைக் காப்பி செய்ய வேண்டும். அவன் கட்டைவிரல் மடங்கி ஸ்பேஸ் பாரின் ஓரத்துக்குப் போனது. அங்கே இருந்தது ஆல்ட். பெயர் காப்பி ஆகவில்லை. மேலே ஏதோ ஒரு மெனு திறந்து தொங்கியது. மூடினான். மறுபடி அழுத்தினான். மறுபடியும் மெனு.

"இன்னாடா வரதா, ஊரு மாறுனா வெரலுமா மாறும்?" என்றார் தனகோடி.

வரதன் சிரித்தான். ரோகிணிக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சு இன்னும் அதே பேச்சுதான். ஆனால் கை அந்த ஊர்க் கையாகிவிட்டது. திரும்பி வர நினைக்கிறவனின் கை இப்படி மறக்குமா?

"மொதல்ல செட்டிங்ஸ்ல போயி கன்ட்ரோலையும் கமாண்டையும் மாத்தி வச்சிருந்தேன்" என்றான் அவன், அவள் பக்கம் திரும்பாமல். "நம்ம கட மாரியே இருக்கட்டும்னு. அந்த சிஸ்டத்துல ஒக்காந்தவனெல்லாம் திட்னான். அப்பால வுட்டுட்டேன்."

கடைசியில் அவன் மௌஸைப் பிடித்துக்கொள்ள, அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "காப்பி" என்பான், அழுத்துவாள். "ஒட்டு" என்பான், அழுத்துவாள். பேனர் சீக்கிரமே முடிந்துவிடும்போல இருந்தது. தனகோடி டீ குடிக்கப் போனார்.

"வரதா, மேக்ல எழுத்த கொஞ்சம் பெருசாக்கணும்னா..."

"உனக்குத்தான் மேக்கே இல்லியே" என்றான் அவன். "இத்தினி நாளா எதுக்குக் கேட்டுகினு கீற?"

அவள் விரல்கள் கீபோர்டின்மேல் அப்படியே நின்றன.

"உன்கூட பேசத்தான்."

அவன் மௌஸை விட்டான்.

"நான் அங்கியே இருந்துருவேன் ரோகிணி. இனிமே இங்க வர்றது விசேசத்துக்குத்தான்."

"தெரியும். இப்பதான் உன் கையப் பாத்தேனே."

பிரிண்டர் தங்கையின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. பேனரைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டவன் வாசலில் நின்றான்.

"போன் பண்ணாம இருந்துராத."

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்லியே."

"கேள்வி இருந்தாதான் பண்ணுவியா?"

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று அவள் அவன் நம்பரை அழுத்தினாள். அவன் எடுத்தான். கேட்க எதையும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் கல்யாண வீட்டில் மேளக்காரன் பதம் பார்த்துத் தட்டும் சத்தம். அவனும் பேசவில்லை. அவள் ஊர் பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. காதிலிருந்து போனை எடுக்க மனமில்லாமல் பஸ்ஸைப் போகவிட்டாள்.