இருபது அடி மட்டும்

போன வாரம் கூலிம் ரோட்டில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி. அதன் பின்னால் மரக்கட்டை ஏற்றிய டிரெய்லர். ஒரு போலீஸ்காரர் டேப்பின் ஒரு முனையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, மறு முனையோடு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். நடந்தார்... நடந்தார்... டேப் தீர்ந்துவிட்டது. டிரெய்லர் தீரவில்லை.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக.

பக்கத்து சீட் அம்மாள் தன் கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பயப்பட வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை. டிரெய்லரை யாராவது அளந்தால் எனக்கு முனுசாமி அண்ணன் ஞாபகம் வந்துவிடும். அவ்வளவுதான்.

ஜப்பான் காலம். அதிலும் பிற்பாதி — ஜப்பான்காரர்கள் கெடா மாநிலத்தைத் தூக்கி சயாம்காரர்கள் கையில் கொடுத்திருந்த சமயம். நினைவிருக்கிறதா? ஒரு நாள் காலையில் கண் விழித்தால் நாம் இருப்பது வேறு நாடு! பாடாங் மேஹா பக்கம் எங்கள் எஸ்டேட்டில் அதே ரப்பர் மரம், அதே மரவள்ளிக்கிழங்கு, அதே கொசு. ஆபீஸில் மட்டும் கொடி மாறியிருந்தது.

கூலிமைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரோட்டின் குறுக்கே இரண்டு தடுப்புகள் முளைத்திருந்தன. முதல் தடுப்பில் சயாம் போலீஸ். இரண்டாவதில் ஜப்பான் சிப்பாய். நடுவில் கிடந்த துண்டு ரோடு யாருடையது? அன்றும் தெரியாது. இன்றும் தெரியாது.

சண்டைக்கு முன்பு நான் பினாங்கில் ஒரு சர்வே ஆபீஸில் வரைபடம் நகலெடுக்கும் வேலைக்குப் பயிற்சி எடுத்தவள். சண்டை வந்ததும் ஆபீஸ் மூடிவிட்டது. என் டேப்பும், எதற்கெடுத்தாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிப் பார்க்கும் புத்தியும் மட்டும் என்னோடு எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தன.

முனுசாமி அண்ணன் எங்கள் எஸ்டேட் லாரி டிரைவர். அடுப்புக்கரியில் ஓடுகிற லாரி — பெட்ரோலை யார் கண்டது? அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்கு நிறைமாதம். டாக்டர் இல்லாத எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸர் ஒரு நாள் காலை அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு அண்ணனை வெளியே கூப்பிட்டார்.

பிள்ளை குறுக்கே கிடக்கிறது. வலி கண்டுவிட்டால் கஷ்டம். அதற்குள் ஆபரேஷன் செய்யும் இடத்துக்குப் போயாக வேண்டும். படுக்க வைத்தே கொண்டுபோக வேண்டும், ரொம்பக் குலுங்கவும் கூடாது. இல்லாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் புக்கிட் மெர்தாஜாமில்தான் இருந்தார். அதாவது, இரண்டு தடுப்புக்கும் அந்தப் பக்கம்.

எதில் கொண்டுபோவது? லாரியின் பின்பக்கத்தில் பாதியைக் கரி அடுப்பு அடைத்துக்கொண்டிருந்தது. மீதியில் படுத்தால் புகையிலேயே உயிர் போய்விடும். அப்போதுதான் எனக்கு 'சக்கர பங்களா' நினைவுக்கு வந்தது.

அது எஸ்டேட் துரையின் கேரவன். நல்ல காலத்தில் துரையும் துரைசானியும் அதைக் காரில் மாட்டி இழுத்துக்கொண்டு, கோத்தா கோலா மூடா கடற்கரைக்கு உல்லாசமாகப் போய்த் தங்கி வருவார்கள். உள்ளே இரண்டு கட்டில், ஜன்னலுக்குத் திரை, கை கழுவ ஒரு தொட்டி. துரை ஓடிப்போன பிறகு அது ஸ்டோருக்குப் பின்னால் நின்றது. அதில் ஆடு கட்டியிருந்தார்கள். ஆட்டை அவிழ்த்தோம், கழுவினோம், மெத்தை போட்டோம். அண்ணன் அதை லாரியோடு இணைத்தார். அச்சு நன்றாக இருந்தது, ஸ்பிரிங் நன்றாக இருந்தது. புறப்பட வேண்டியதுதான்.

ஆனால் ஆபீஸ் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. தடுப்பு தாண்டுகிற வண்டிகளுக்கான சட்டம். மேலே ஜப்பான் எழுத்து, நடுவில் மலாய், கீழே தமிழ். மேல் இரண்டும் மழையில் கரைந்துவிட்டன. தமிழ் மட்டும் நின்றது. யார் மொழிபெயர்த்தாரோ, அவரை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

'பின்வண்டி இழுத்து வருவோர்க்கு இருபது அடி மட்டும்.'

இவ்வளவுதான் சட்டம்.

நான் சத்தமாக வாசித்தேன். அண்ணனுக்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் நின்று கேட்டார்.

"இருபது அடியா?"

"ஆமாண்ணே. ஆனா எப்படிக் கணக்குன்னு போடல. டிரெய்லருக்கு மட்டுமா, லாரியும் சேர்த்தான்னு தெரியல."

"லாரிக்கு எதுக்கு? லாரி என்ன பண்ணுச்சு?"

விசித்திரமான கேள்வி. ஆனால் அன்று எல்லாமே விசித்திரம். நான் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். குழப்பம் வந்தால் எனக்கு அளந்தாக வேண்டும். ஒன்று — சக்கர பங்களாவின் பெட்டி மட்டும்: பதினைந்து. இரண்டு — முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியோடு: பத்தொன்பது. மூன்று — லாரி தனியாகப் பதினாறு, அதையும் சேர்த்தால் முப்பத்தைந்து.

முதல் இரண்டு கணக்கானால் தாண்டிவிடலாம். மூன்றாவது என்றால் தொலைந்தோம். நீளம் என்பது எண்ணில் இல்லை, எங்கிருந்து எங்கே என்பதில் இருக்கிறது. இதைச் சொல்ல ஒரு வரி சேர்த்திருந்தால் காகிதமா தேய்ந்துவிடும்?

"அண்ணே, எல்லாம் சேர்த்தா முப்பத்தஞ்சு அடி வரும்."

அவர் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"முப்பத்தஞ்சா... பாக்கியத்துக்கும் சேத்தா?"

"அக்கா உள்ளதானே படுத்திருப்பாங்க? அவங்களுக்குன்னு தனியா கிடையாது."

"அப்பப் போதும்" என்றார். முகம் தெளிந்துவிட்டது.

எனக்குத்தான் தெளியவில்லை. இதில் தெளிய என்ன இருக்கிறது? எவ்வளவு குறைந்தாலும் லாபம்தானே என்று, இழுவைக் கம்பியில் ஒரு பகுதியை வெட்டினால் இரண்டு அடி குறையும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரெண்டு அடிக்குப் போயி யாராச்சும் இரும்ப வெட்டுவாங்களா தங்கச்சி? ஏறு லா. போவோம்."

ஏறினேன். அக்கா உள்ளே இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தார். டிரஸர் கொடுத்தனுப்பிய துணி மூட்டையோடு நான் எதிர்க் கட்டிலில். சக்கர பங்களா மெல்ல அசைந்து அசைந்து போனது. துரைசானி இதில் படுத்துக் கதைப் புத்தகம் படித்திருப்பார். பாக்கியம் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

முதல் தடுப்பு. சயாம் சார்ஜென்ட் புதுச் சட்டை, புது டேப். மீட்டர் டேப். அவர் லாரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெட்டியை மட்டும் அளந்தார். கம்பியைக் காலால் தட்டிப் பார்த்து, அது கணக்கில் இல்லை என்பதுபோல் தாண்டிப் போனார். "போலே" என்றார். மலாயில், 'போகலாம்'.

எனக்குப் போன உயிர் வந்தது. முதல் கணக்குதான்! பதினைந்துதான்!

அவசரப்பட்டுவிட்டேன்.

இரண்டாவது தடுப்பில் ஒரு ஜப்பான் சிப்பாயும், அவனுக்கு மொழிபெயர்க்க ஒரு மலாய்க் கான்ஸ்டபிளும். முன்னால் மரவள்ளி மூட்டைக்காரர்கள், சைக்கிள்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா தவிர எல்லாரும் இறங்கிக் குனிந்து வணங்கினோம். சிப்பாய் கோடு போட்ட ஒரு மூங்கிலை எடுத்தான். லாரியின் மூக்கிலிருந்து ஆரம்பித்தான்.

மூக்கிலிருந்து!

மூங்கிலைப் புரட்டிப் புரட்டி வைத்து வால்வரை வந்தான். கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பாஞ்சாங் லா." நீளம்.

நூறு கெஜத்துக்கு முன்னால் பதினைந்தாக இருந்த வண்டி இங்கே முப்பத்தைந்து. நடுவில் அது வளர்ந்ததா?

"எத்தினின்னு சொல்லிட்டானா?" அண்ணன் என்னிடம் கேட்டார்.

"முப்பத்தஞ்சுதான்ணே."

"சரி."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். சட்டையை உருவினார். நிதானமாக நான்காக மடித்து டிரைவர் சீட்டில் வைத்தார். பிறகு லாரியின் மட்கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிப்பாய்க்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்க தங்கச்சி. எண்ணாத."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சிப்பாய் அந்த முதுகைப் பார்த்தான். குனிந்து பார்த்தான். ஊரெல்லாம் சொறி சிரங்கு பரவியிருந்த காலம் அல்லவா? இரண்டு எட்டு பின்னால் போய்விட்டான்.

கான்ஸ்டபிள் உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். அண்ணன் திரும்பாமலே, கடைத்தெருவில் கற்ற பாசார் மலாயில், "புக்குல் லா துவான்" என்றார். அடிங்க ஐயா. "துவா புளு... லெபே பூன் போலே." இருபது... கூடப் போனாலும் சரி.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். நான் கான்ஸ்டபிளைப் பார்த்தேன். பிறகு அவர் தன் பாதத்தைத் தூக்கி, கையால் தட்டிக் காட்டினார்.

"காக்கி லா! துவா புளு காக்கி!"

மலாயில் காக்கி என்றால் கால். நீளம் அளக்கிற அடிக்கும் அதே சொல்தான். ஆனால் நம் 'அடி' போல, முதுகில் வாங்குகிற அடி என்ற பொருள் அதற்குக் கிடையாது!

அண்ணன் தன் காலைப் பார்த்தார். டிரெய்லரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அளக்குற அடியா?"

"அளக்குற அடிதான்ணே."

"இத முன்னாடியே சொல்ல வேணாமா?"

"காலையிலேர்ந்து அதத்தானேண்ணே சொல்லிட்டிருக்கேன்!"

வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்து, சிப்பாயைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அண்ணனும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அதுவரை கல்லாக நின்ற மனிதரின் முகம் அப்போதுதான் உடைந்தது.

"அடின்னா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன் தங்கச்சி. இதுக்கு நான் என்னா செய்வேன்?"

உள்ளேயிருந்து அக்கா முனகும் சத்தம் கேட்டது. வலி ஆரம்பித்துவிட்டதா? அவர் கதவுப் பக்கம் ஓடினார். நான் ஓடவில்லை. எனக்கு அப்போது தேவைப்பட்டது கணக்கு.

லாரி தனியாகப் பதினாறு. சக்கர பங்களா தனியாகப் பத்தொன்பது. இரண்டுமே இருபதுக்குள். சட்டம் யாருக்கு? பின்வண்டி இழுத்து வருவோர்க்கு. சரி... இழுக்காவிட்டால்?

கான்ஸ்டபிளிடம் கேட்டேன். லாரியைக் கழற்றிவிட்டால் இது டிரெய்லரா? யாரும் இழுக்காமல், பின்னாலிருந்து கையால் தள்ளிக்கொண்டு போனால் இது என்ன வண்டி?

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிப்பாயிடம் நெடுநேரம் பேசினார். சிப்பாய் கேரவனைப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்து அண்ணனின் வெறும் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் முகத்தைச் சுளித்து, மூங்கிலால் ரோட்டைக் காட்டினான். போய்த் தொலையுங்கள் என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

கழற்றினோம். லாரி முதலில் தடுப்பைத் தாண்டியது. யார் தள்ளுவது? மரவள்ளி மூட்டைக்காரர்கள், சைக்கிள்காரர்கள், தலையில் கூடை வைத்திருந்த ஒரு சீனத்து அம்மாள்... இரக்கத்தால் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. சக்கர பங்களா ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அது நகர்ந்தால்தான் அவர்கள் வீட்டுக்குப் போக முடியும். எதற்காகத் தள்ளினால் என்ன? நகர்ந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம், சிப்பாயின் கண் முன்னாலேயே, மறுபடி இரண்டையும் மாட்டினோம். மறுபடி முப்பத்தைந்து அடி. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டம் மூங்கிலுக்கு அடியில் மட்டும்தான் இருந்தது போலிருக்கிறது. எனக்கு இன்னும் புரியவில்லை. உங்களில் யாருக்காவது புரிந்தால் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் அக்காவை நேரே உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தோம். கதவு திறந்து நர்ஸ் வந்து, பெண் பிள்ளை, தாயும் நல்லபடியாக இருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் அண்ணன் எழுந்து லாரிக்குப் போய்ச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். தோளில் ஒட்டு, முழங்கையில் ஒட்டு. ஆனால் முழுச் சட்டை. எஸ்டேட்டில் பாதிப் பேர் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார், சரி. சட்டையோடு வாங்கினால் வலி கொஞ்சம் குறையுமே? எதற்காகக் கழற்றினார்? கேட்டேவிட்டேன்.

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"முதுகு ஆறிடும் தங்கச்சி. சட்டைக்கு எங்க போறது?"