தலைமுடி பற்றி நடந்த கூட்டம்

என் கணவர் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை பார்த்தார். ஒரு நாள் காலையில் தீவனம் போடப் போனவர் கொட்டகைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் குடியிருந்தது பண்ணைக்காரர் கொடுத்திருந்த ஒற்றை அறை. கணவன் மனைவியாக வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் வேறொரு தம்பதி சாமான்களோடு வந்து இறங்கினார்கள். பண்ணைக்காரர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டு வெளியே வந்தேன்.

நான் பிறந்தது கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில். சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. சின்ன வீடு. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் படுக்கும் நேரத்தில் ஒவ்வொருவரும் எனக்காகச் சுருங்கிப் படுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மலைக்குக் கீழே வேலை தேடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வேலை கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். ஒரு ராத்திரிக்கு என்றுதான் நினைத்தேன். மழைக்காலம் வந்தது, போனது. நான் அங்கேயேதான் இருந்தேன். பேச ஆளில்லாமல் முதலில் மனதுக்குள் பேசிக்கொண்டேன். பிறகு அது வாய்விட்டு வர ஆரம்பித்தது. அதைக் கேட்டவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என்னிடம் ஒரு துணிமூட்டை இருந்தது. அதற்குள் என் கணவரின் சட்டை ஒன்று. வேறு எதை இழந்தாலும் அதை இழக்கக்கூடாது என்ற அளவுக்கு மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

ஒரு நாள் வேன் ஒன்று வந்து நின்றது. வீடில்லாதவர்களை வைத்துப் பராமரிக்கும் ஓர் இல்லத்தின் வேன். பேரைக் கேட்டார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. கையைப் பிடித்து ஏற்றினார்கள். கொஞ்ச தூரம் போனதும் வேன் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. கண்ணை மூடியிருந்தாலும் அந்த வளைவுகள் எனக்குத் தெரியும். என்னை என் மலைக்கே கொண்டுபோகிறார்கள் என்று புரிந்தபோது சந்தோஷம் வரவில்லை. தெரிந்தவர் யாராவது இந்தக் கோலத்தில் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் வந்தது.

இல்லத்தில் ஆயா வேலை பார்த்த அக்கா வளப்பூர் நாட்டுக்காரர். வெந்நீர் விளாவி என்னைக் குளிக்க வைத்தார். அதற்கு முன்பு என் தலையை மழித்தார். நான் கையால் தலையை மூடிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல கண்ணு, வளந்துரும்" என்று சொல்லிக்கொண்டே என் கையை மெதுவாக விலக்கினார். குளித்து வெளியே வந்தபோது என் மூட்டையைக் காணோம். சமையல்கட்டுக்குப் பின்னால் புகை எழுந்துகொண்டிருந்தது. புதிதாக வருகிறவர்களின் துணியை எரித்துவிடுவது அங்கே வழக்கம்.

அதற்குப் பிறகு வெகு காலம் நான் பேசவில்லை. பேச்சு வராதவள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

சோறும் தூக்கமும் மருந்தும் மெல்ல என்னை மீட்டன. அதை நான் மறுக்க மாட்டேன். மரவள்ளிக்கிழங்கு தோலுரிக்க உட்கார்ந்த இடத்தில், கத்தி மொட்டையாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னேன். அதுதான் அங்கே நான் பேசிய முதல் பேச்சு. பிறகு அந்தச் சமையல்கட்டிலேயே சம்பளத்துக்குச் சேர்ந்தேன். பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இல்லத்துக்குப் புதிய பொறுப்பாளராக ஒரு பெண்மணி வந்தார். தென்மாவட்டத்துக்காரர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். வேனில் கொண்டுவரப்படுகிறவர்களில் பாதிப் பேர் சில நாட்களிலேயே ஓடிவிடுவதை அவர் கவனித்தார். ஏன் என்று வேலையாட்களைக் கேட்டார். தெருவில் இருந்து பழகியவர்கள் அப்படித்தான் என்று பதில் வந்தது. அவர் அதோடு விடவில்லை. அப்படி வந்து, ஓடாமல் தங்கியவர்களைக் கேட்போம் என்று எங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

முதல் கூட்டத்தில் யாரும் உள்ளதைச் சொல்லவில்லை. எல்லாம் நல்லா இருக்குதுங்க என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்லிவிட்டு எழுந்து போனோம். அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டு அவர்களிடமே குறை சொல்வது எப்படி? இரண்டாவது கூட்டத்தில் மேடம் அதை வெளிப்படையாகவே பேசினார். எதைச் சொன்னாலும் யாருக்கும் சோறும் நிற்காது, இடமும் போகாது என்றார்.

எனக்கு எதிரே, வேலையாட்களோடு, என்னை மழித்த ஆயாக்கா உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"ஏனுங்க அக்கா, என்னைய ஒரு வார்த்தை கேக்காம ஏன் மழிச்சீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. பேன், சொறி, புழு வைத்த புண் என்று அவர் கையால் கழுவியதையெல்லாம் சொன்னார். ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு நின்றால் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளாதா என்றார். அதில் பொய் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உனக்கு நல்லது செஞ்சேன்னுதான் கண்ணு இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தேன்."

சட்டையைப் பற்றியும் சொன்னேன். அவர் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எங்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் லாரி கிளீனராக இருந்து, கால் ஒடிந்த பிறகு சேலத்தில் பாலத்துக்கடியில் கிடந்தவர். அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு மழிச்சதுதாங்க நிம்மதி. அன்னிக்குத்தான் அரிப்பில்லாம தூங்குனேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான், அவர் பட்டதும் நான் பட்டதும் ஒன்றில்லை என்று தோன்றியது. இரண்டு பேருக்கும் ஒரே சவரக்கத்தி எப்படிச் சரியாகும்?

நாலைந்து கூட்டங்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முடியை வெட்டுவதற்கு முன் கேட்பது. வேண்டாம் என்றால் எண்ணெய் தேய்த்து, மருந்து போட்டுச் சீவிவிடுவது. மூட்டையை எரிக்காமல், வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டி அவரவர் கட்டிலுக்கடியில் வைப்பது. புதிதாக வருகிறவர் பக்கத்தில் முதலில் எங்களில் ஒருவர் உட்காருவது.

அப்படி நான் முதலில் உட்கார்ந்தது, கோயில் பக்கம் மண்டபத்தில் கிடந்த ஒருவருக்குப் பக்கத்தில். மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவரைக் கேட்டுத்தான் வேனில் ஏற்றியிருந்தார்கள். முடி சடையாகத் திரண்டிருந்தது. நான் எதையும் கேட்கவில்லை. நானும் இதே வேனில் வந்தவள்தான் என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் ஆகும்போது குளிக்கிறேன் என்றார். முடியைத் தொடக்கூடாது என்றார். தொடவில்லை.

அந்த மாதமே இல்லத்தில் சொறி பரவியது. ஆயாக்காவின் கையிலும் வந்துவிட்டது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவசரமாகக் கூட்டம் போட்டோம். மழிக்கத்தான் வேண்டும் என்றார் கிளீனர் பெரியவர். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றார் மேடம். சொறிக்கும் தலைமுடிக்கும் சம்பந்தம் குறைவு, இல்லத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நாளில் உடம்பு முழுக்க மருந்து பூச வேண்டும், துணிமணிகளைக் கொதிநீரில் போட வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். மேடம் உட்பட எல்லோரும் பூசிக்கொண்டோம். அந்த மருந்து வாடையோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சொறி அடங்கியது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க, எல்லாம் என் பேச்சால் வந்த வினை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

பங்குனியில் குளிர் விட்டதும் அந்தச் சடைமுடிக்காரர் கிளம்புகிறேன் என்றார். கேட்டைத் திறந்துவிட்டோம். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். இவ்வளவும் செய்து இவரும் போய்விட்டாரே என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. "ஓடலையே, சொல்லிக்கிட்டுத்தானே போறாரு" என்றார் ஆயாக்கா.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மத்தியானம், வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று பார்த்தால் அவர்தான். வேன் அனுப்பாமல், யாரும் கூட்டிவராமல் அந்த இல்லத்துக்குத் தானாக நடந்து வந்த முதல் ஆள் அவர். இருமல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. "கொஞ்ச நாளு இருந்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். மேடம் பதில் சொல்வதற்குள் ஆயாக்கா துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நெஞ்சில் சளி முற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் ஆயாக்காவும் மாற்றி மாற்றிக் கூட இருந்தோம். அவர் தன் ஊரையோ சொந்தங்களையோ பற்றி எதுவுமே சொன்னதில்லை. நாங்களும் துருவவில்லை. தை பிறந்த பிறகு ஒரு விடிகாலையில் அவர் உயிர் போய்விட்டது. ஆயாக்கா தலைமாட்டில் உட்கார்ந்து அவர் சடையை ஒதுக்கிவிட்டார்.

அவரைப் புதைப்பதா, எரிப்பதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்து, போலீஸ் சொன்ன இடத்தில் புதைத்தோம். எந்தப் பக்கம் தலை வைப்பது என்பதற்கே கொஞ்ச நேரம் நின்று யோசித்தோம்.

அடுத்த கூட்டத்தில் அதைத்தான் பேசினோம். இங்கே இருக்கும்போதே நமக்கு ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக்கூடாது? அன்றைக்கு யாரும் தயங்கவில்லை. ஒருவர் தன் மகனுக்குத் தெரியவே கூடாது என்றார். இன்னொருவர் தெரிந்தே ஆக வேண்டும் என்றார். கிளீனர் பெரியவர் தன்னை எரித்துவிடச் சொன்னார். ஆயாக்கா, அவர் வேலைக்கு இருப்பவர், கேட்காமலே தன் வளப்பூர்க் காட்டில் மிளகுக் கொடி பக்கம் ஓர் இடத்தைச் சொன்னார்.

கடைசியில் பெரியவர் மேடத்தைப் பார்த்து, "நீங்க சொல்லலீங்களே" என்றார்.

மேடம், ஊரில் தன் அம்மாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்குமா என்று தெரியவில்லை என்றார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். நாங்கள் சரியென்று தலையாட்டினோம்.